பெஸ்ஸி பிளன்ட்டின் உணவூட்டும் கருவி: ஒரு செவிலியின் பணிவாழ்வும் கண்டுபிடிப்பும்

இரவுப்பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மருத்துவக் கருவிகளின் வரலாறு குறித்து இந்த மன்றத்தில் நாம் பேசிய இழைகளில் மருத்துவர்களும் பொறியாளர்களும் இயற்பியலாளர்களும் நிறைய வந்திருக்கிறார்கள். செவிலியர் ஒருவர்கூட வரவில்லை. பதிவு பெற்ற செவிலியாகப் பணியாற்றும் எனக்கு இது நெடுநாள் மனக்குறை. ஆகவே பெஸ்ஸி பிளன்ட் என்ற அமெரிக்கச் செவிலியைப் பற்றி இந்த இழையைத் தொடங்குகிறேன். அவர் செய்த கருவியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய பணிவாழ்வை முதலில் அறிந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

1914 நவம்பர் 24 அன்று வர்ஜீனியா மாநிலத்தின் ஹிக்கரி என்ற ஊரில் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இயல்பிலேயே இடக்கைப் பழக்கம் உடையவர். இடக்கையால் எழுதியதற்காக ஆசிரியர் விரல்முட்டியில் அடித்தபோது, அந்தச் சிறுமி வலக்கையாலும் எழுதப் பழகிக்கொண்டதோடு நிற்காமல், பல்லிடுக்கில் எழுதுகோலைக் கவ்வியும் கால்விரல்களால் பிடித்தும் எழுதக் கற்றுக்கொண்டார். ஆறாம் வகுப்புக்கு மேல் கறுப்பினப் பிள்ளைகளுக்கு அங்கே படிப்பு இல்லை. குடும்பம் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்த பிறகு, தாமாகவே படித்துப் பள்ளி இறுதிக்கு நிகரான தகுதியைப் பெற்று, நியூவார்க் நகரின் கம்யூனிட்டி கென்னடி நினைவு மருத்துவமனையில் செவிலியர் பயிற்சி முடித்தார். அந்த மாநிலத்தில் கறுப்பினத்தவருக்குச் சொந்தமாக இருந்த ஒரே மருத்துவமனை அது. பின்னர் பான்சர் உடற்கல்விக் கல்லூரியில் பயின்று இயன்முறை சிகிச்சையாளராகவும் ஆனார்.

இரண்டாம் உலகப் போரில் கைகளை இழந்து திரும்பிய படைவீரர்களைப் பராமரித்தபோது, சிறுவயதில் தாம் பழகியதையே அவர்களுக்குக் கற்பித்தார்: பல்லாலும் காலாலும் எழுதுவது. அப்போது மருத்துவர் ஒருவர் அவரிடம், இந்த வீரர்களுக்கு உண்மையிலேயே உதவ வேண்டுமானால் அவர்கள் தாமாகவே உண்ண ஒரு வழி கண்டுபிடியுங்கள் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. பணி முடிந்த பின் நள்ளிரவு கடந்து ஒரு மணி முதல் நான்கு மணி வரை தம் சமையலறையிலேயே அமர்ந்து, கொதிநீரில் பிளாஸ்டிக்கை இளக்கி வளைத்து, அரம், சுத்தியல் போன்ற எளிய கருவிகளைக் கொண்டு முதல் மாதிரியை உருவாக்கினார். அதைச் சீராக்கச் சொந்தப் பணத்தில் சுமார் 3,000 டாலர் செலவிட்டார்.

அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை அந்தக் கருவியை ஏற்கவில்லை. 1950-களின் தொடக்கத்தில் அதன் உரிமையைப் பிரெஞ்சு அரசுக்கு அவர் விலையின்றி வழங்கிவிட்டார். ஏன் இப்படி ஆயிற்று என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பாலாறு எழுதியது:

அருமையான தொடக்கம், சகோதரி. ஒரே ஒரு ஐயம். இணையத்தில் பல கட்டுரைகள் அவருக்கு 1951-இல் உணவூட்டும் இயந்திரத்துக்காகக் காப்புரிமை கிடைத்தது என்று எழுதுகின்றன. ஆனால் அந்தக் காப்புரிமையோடு வெளியிடப்படும் படத்தில் குழாயும் இல்லை, மோட்டாரும் இல்லை. கழுத்தில் மாட்டிய ஒரு சட்டம்தான் தெரிகிறது. இரண்டும் ஒன்றுதானா?

கருவியாளர் எழுதியது:

பாலாறு அவர்களே, மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு.

1951 ஏப்ரல் 24 அன்று வழங்கப்பட்ட அமெரிக்கக் காப்புரிமையின் எண் 2,550,554. பெஸ்ஸி வி. கிரிஃபின் என்ற அவருடைய மணவாழ்வுப் பெயரில் அது உள்ளது. பெயர்த்தெடுத்துச் செல்லக்கூடிய கலத்தாங்கி என்பதே அதன் தலைப்பு. கழுத்தையும் தோளையும் சுற்றி அமரும் ஒரு சட்டம், முகத்துக்கு அருகே ஒரு கிண்ணத்தையோ கோப்பையையோ ஏந்தி நிற்கும். கையில்லாதவரும், கை இருந்தும் தூக்க இயலாதவரும், தலையைச் சற்றே தாழ்த்தி அதிலிருந்து அருந்தலாம். மின்சாரம் வேண்டியதில்லை, அணிந்தபடியே இடம் பெயரலாம்.

முதலில் அவர் உருவாக்கியது மின்விசையால் இயங்கிய பெரிய கருவி. உணவு ஒரு குழாய் வழியே ஒவ்வொரு கவளமாக வாய்க்கு வரும். அடுத்த கவளம் வேண்டுமென்றால் உண்பவர் அந்தக் குழாயைப் பல்லால் கடிக்க வேண்டும். கவளம் வந்ததும் இயந்திரம் தானாக நின்றுவிடும். மறுபடி கடித்தால்தான் மறுபடி இயங்கும்.

இந்த வேறுபாட்டை வற்புறுத்த ஒரு காரணம் இருக்கிறது. நான் உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவன். பெரிய இயந்திரத்தைச் செய்து முடித்த ஒருவர், அதன் பிறகு மின்சாரமே தேவைப்படாத சட்டம் ஒன்றை நோக்கி வருவதைப் பொறியாளர்கள் பின்னடைவாக எண்ணுவார்கள். வீட்டுக்குத் திரும்பும் நோயாளியை மனத்தில் வைத்துப் பார்த்தால் அது முன்னேற்றம். மருத்துவமனைப் படுக்கையோடு வேலை முடிந்துவிடுவதில்லை என்று அறிந்த ஒருவரால்தான் இந்தத் திசையில் நகர முடியும். இயன்முறை சிகிச்சையாளராக அவர் பெற்ற பயிற்சி இந்த இடத்தில் எனக்குத் தெரிகிறது.

மறுவாழ்வுப்பயிற்றுநர் எழுதியது:

வணக்கம். முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கும் பக்கவாதத்தால் கை செயலிழந்தவர்களுக்கும் அன்றாடச் செயல்களை மீண்டும் கற்பிப்பது என் தொழில். கருவியாளர் ஐயா விவரித்த அந்தக் கடி விசையைப் பற்றி நான் சற்று விரிவாக எழுத வேண்டும். இந்த இழையில் பேசவேண்டியவற்றுள் மிக முக்கியமானது அதுதான் என்று கருதுகிறேன்.

ஒருவருக்கு இன்னொருவர் உணவூட்டும்போது, வேகத்தைத் தீர்மானிப்பவர் ஊட்டுபவர். எவ்வளவு அன்போடு ஊட்டினாலும் இந்த நிலை மாறாது. அடுத்த நோயாளி காத்திருக்கிறார், மருந்து கொடுக்கும் நேரம் நெருங்குகிறது, சோறு ஆறுகிறது. ஊட்டும் கை தன்னை அறியாமலேயே விரைகிறது. உண்பவர் மென்று முடிக்கும் முன்பே அடுத்த கரண்டி உதட்டருகே வந்து நிற்கும். வாய் நிறைய உணவோடு இருப்பவரால் சற்றுப் பொறுங்கள் என்று சொல்லவும் முடியாது. மெல்வது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று இடம் விட்டு நடக்க வேண்டிய செயல்கள். விழுங்கும் கணத்தில் மூச்சு நின்று, மூச்சுக்குழலின் வாய் மூடிக்கொள்கிறது. அந்த ஒழுங்கு குலைந்தால் புரையேறும். உணவு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். வார்டில் நின்று ஊட்டிய அனைவருக்கும் இந்த அச்சம் தெரியும்.

கைகளை இழந்த படைவீரருக்கு மெல்லவும் விழுங்கவும் முடியும். அவர் இழந்தது, எப்போது, எவ்வளவு என்று தீர்மானிக்கும் உரிமையை. உணவை வாய்வரை கொண்டுவருவது மட்டுமே நோக்கம் என்றால், இடைவிடாமல் தள்ளும் ஒரு விசைக்குழாய் போதுமே! ஒவ்வொரு கவளத்துக்கும் பின் இயந்திரம் நிற்க வேண்டும், மீண்டும் கேட்டால் மட்டுமே தர வேண்டும் என்று பெஸ்ஸி பிளன்ட் அமைத்தார். அந்த நிறுத்தம்தான் உண்மையான கண்டுபிடிப்பு என்று நான் சொல்வேன். பல்லால் எழுதிப் பழகிய பெண்ணுக்குத் தாடை எவ்வளவு நுட்பமாக ஏவலிடும் என்பது தெரிந்திருக்கும் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

2002-இல் ஜப்பானின் செகோம் நிறுவனம் மை ஸ்பூன் என்ற உணவூட்டும் ரோபோவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உண்பவர் மோவாயால் ஒரு சிறு நெம்புகோலை அசைத்து அதை இயக்கலாம். உண்பவரே கேட்க வேண்டும், கேட்டால் மட்டுமே கருவி தர வேண்டும் என்ற அடிப்படையில் அதற்கும் நியூ ஜெர்சிச் சமையலறையில் உருவான கருவிக்கும் வேறுபாடில்லை.

கரிசல்மண் எழுதியது:

இழையைத் தொடங்கியவர் மீதும் பிறர் மீதும் உள்ள மதிப்போடு ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். அரசுத் துறை மறுத்ததற்கு நிறவெறியும் பெண் என்ற புறக்கணிப்பும் மட்டுமே காரணம் என்று இதைப் படிப்பவர்களுக்கு உடனே தோன்றும். அப்படி முடிவு கட்டிவிடலாமா? கொள்முதல் செய்யும் அலுவலகத்தில் பல ஆண்டுகள் கோப்புகளைப் பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். ஆயிரக்கணக்கான படுக்கைகள் உள்ள ஒரு துறை மின்விசைக் கருவி ஒன்றை வாங்குவதென்றால், அதைச் செய்து தரும் தொழிற்சாலை எது, பழுதானால் பார்ப்பவர் யார், உணவு சென்ற குழாயை வேளைக்கு வேளை கழுவிக் கிருமி நீக்குவது எப்படி என்று கேட்கத்தான் செய்யும். ஒரு தனி மனிதர், ஒற்றை மாதிரியோடு வந்து நிற்கும்போது இந்தக் கேள்விகளுக்கு விடை இருக்காது. வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவர் அதே நிலையில் வந்திருந்தாலும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கலாம் அல்லவா?

இன்னொன்று. பெஸ்ஸி பிளன்ட் அப்போது இயன்முறை சிகிச்சையாளராகவே அதிகம் செயல்பட்டார். செவிலியர் பயிற்சியை இந்தக் கண்டுபிடிப்பின் வேராகக் காட்டுவது சற்று மிகையோ என்றும் நினைக்கிறேன்.

இரவுப்பணி எழுதியது:

கரிசல்மண் ஐயா, உங்கள் முதல் கேள்வி நியாயமானது. அதற்கு விடை அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பில் இருக்கிறது.

வார்டில் நாங்கள் கிட்னி ட்ரே என்று அழைக்கும் தட்டை அறிவீர்கள். வாந்தி ஏந்தவும், கட்டுப் பிரித்த பஞ்சைப் போடவும் பயன்படும் அந்தத் தட்டு அப்போது உலோகத்தால் ஆனது. ஒவ்வொரு முறையும் கழுவிக் கொதிக்கவைத்துத்தான் மீண்டும் எடுக்க முடியும். பெஸ்ஸி பிளன்ட் பழைய செய்தித்தாள், மாவு, தண்ணீர் ஆகியவற்றைக் குழைத்து, அச்சில் வார்த்து, அடுப்பில் சுட்டு, ஒருமுறை பயன்படுத்தி எறிந்துவிடக்கூடிய தட்டைச் செய்தார். இதில் மோட்டார் இல்லை, கழுவவேண்டிய குழாய் இல்லை, பழுது பார்க்க ஆள் வேண்டியதில்லை, மூலப்பொருளோ குப்பைக்குப் போகும் தாள். நீங்கள் சொன்ன தடைகளில் ஒன்றுகூட இதற்குப் பொருந்தாது. இருந்தும் அதே துறை இதையும் வேண்டாம் என்றது. பெல்ஜியம் வாங்கிக்கொண்டது, அந்நாட்டு மருத்துவமனைகளில் அது பயன்பாட்டுக்கு வந்தது. காகிதக் கூழால் செய்த தட்டுகளை இன்று பல நாடுகளின் மருத்துவமனைகளில் காண்கிறோம். ஆகவே உங்கள் விளக்கம் முதல் கருவிக்குச் சிறிதளவு பொருந்தினாலும், இரண்டாவதற்குப் பொருந்தவே இல்லை.

உங்கள் இரண்டாவது கருத்துக்கும் இந்தத் தட்டே பதில் சொல்லும். இயன்முறை சிகிச்சையாளர் கிட்னி ட்ரேயைக் கழுவுவதில்லை. அதைக் கழுவுபவர் எவர், எத்தனை முறை, எந்த நேரத்தில் என்பதெல்லாம் செவிலியர் பயிற்சிக் காலத்திலேயே கையில் ஏறிவிடும் அறிவு.

யாழ்த்தென்றல் எழுதியது:

இவ்விழையைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். ஓய்வுபெற்ற தாதி நான். வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றியவள் என்பதால், பெஸ்ஸி பிளன்ட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டிய இன்னொரு தாதியை இங்கே அறிமுகம் செய்ய விரும்புகின்றேன். டென்மார்க்கைச் சேர்ந்த எலிசெ சோரென்சென் அவர்.

அவருடைய தங்கை தோரா, தமது 32ஆவது வயதில் குடலில் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டு, வயிற்றில் ஸ்டோமா எனப்படும் திறப்போடு வீடு திரும்பினார். அக்காலத்தில் மலத்தை ஏந்துவதற்கு உலோகக் கிண்ணங்கள், துணிப்பட்டிகள், திரும்பத் திரும்பக் கழுவிப் பாவிக்கும் இறப்பர்ப் பைகள் போன்றவையே இருந்தன. கசிவுக்கும் வாடைக்கும் அஞ்சித் தோரா வெளியே செல்வதையே நிறுத்திவிட்டார். 1954இல் எலிசெக்கு ஓர் எண்ணம் தோன்றியது: தோலோடு ஒட்டிக்கொள்ளும் வளையம் கொண்ட மெல்லிய பிளாஸ்திக் பை, ஒருமுறை பாவித்தபின் கழற்றி எறிந்துவிடலாம். இவ்வளவுதான். இன்று உலகெங்கும் ஸ்டோமாவோடு வாழ்பவர்கள் வேலைக்குச் செல்வதும், பேருந்தில் ஏறுவதும், திருமண வீட்டில் பந்தியில் அமர்வதும் இந்த எண்ணத்தின் வழிவந்த பைகளால்தான். ஸ்டோமா நோயாளிகள் பலரை வீட்டுக்கு அனுப்பிவைத்தவள் என்ற முறையில் இதனை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும்.

நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதன்பின் நடந்ததை. பிளாஸ்திக் பொருட்கள் செய்யும் தொழிற்சாலை உரிமையாளரும் பொறியியலாளருமான ஆகே லூயி-ஹான்சன் என்பவரிடம் எலிசெ சென்றார். அவருக்கு முதலில் இதில் ஆர்வம் ஏற்படவில்லை. அவருடைய மனைவி யொஹானெ பயிற்சி பெற்ற ஒரு தாதி. அந்தப் பை நோயாளிக்கு என்ன பொருள்படும் என்பது அவருக்கு உடனே புரிந்தது. மனைவி வற்புறுத்திய பிறகே கணவர் பைகளைச் செய்து பார்க்க இணங்கினார். 1957இல் கோலோபிளாஸ்ட் என்ற நிறுவனம் அதிலிருந்து பிறந்தது. இன்று ஸ்டோமாப் பராமரிப்பில் உலகின் முன்னணி நிறுவனங்களுள் அதுவும் ஒன்று.

கரிசல்மண் ஐயா கேட்ட கேள்விக்கு நான் இவ்வாறு விடை காண்கின்றேன். பெஸ்ஸி பிளன்ட்டும் எலிசெ சோரென்செனும் திறமையில் ஒருவருக்கொருவர் குறைந்தவர்கள் அல்லர். முடிவெடுக்கும் வீட்டில் எலிசெயின் சொல்லைப் புரிந்துகொள்ள இன்னொரு தாதி இருந்தார். பெஸ்ஸி பிளன்ட் சென்ற அலுவலகத்தில், கையில்லாத ஒருவருக்கு ஒரு வேளையாவது உணவூட்டியவர் எவரேனும் இருந்தனரா என்பதே என் ஐயம். அந்த அலுவலகம் ஒரு கறுப்பினப் பெண்ணின் சொல்லை எந்தக் காதால் கேட்டிருக்கும் என்பதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டியிருக்கின்றது.

கரிசல்மண் எழுதியது:

யாழ்த்தென்றல் அம்மா, நீங்கள் எழுதியது என் பார்வையை விரிவாக்குகிறது. உற்பத்தி செய்யும் ஆள் இல்லாததே தடை என்று நான் சொன்னேன். உற்பத்தி செய்யும் ஆளைக் கொண்டுவருவதற்கே அந்த வேலையை அறிந்த ஒருவர் நடுவில் தேவைப்படுகிறார் என்று நீங்கள் காட்டிவிட்டீர்கள். கிட்னி ட்ரே செய்திக்கும் என்னிடம் மறுமொழி இல்லை.

பாலாறு எழுதியது:

செவிலியரின் பணிப் பின்னணி கருவியின் வடிவத்திலேயே பதிந்துவிடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த ஒரு சான்றைச் சேர்க்கிறேன். நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் மேயர் நினைவு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் பணியாற்றிய அனிட்டா டார், இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைச் செவிலியாக ஐரோப்பாவில் இருந்தவர். இதயம் நின்றுபோன நோயாளி வரும்போது வேண்டிய பொருள்களைத் தேடுவதிலேயே நேரம் போவதைக் கண்டு, எல்லாவற்றையும் ஒரே சக்கர வண்டியில் அடுக்கி, 1960-களின் பிற்பகுதியில் சிவப்பு வண்ணம் பூசிய ஒரு மாதிரியை உருவாக்கினார். 1970-இல் அவசரப் பிரிவுச் செவிலியர் அமைப்பைத் தொடங்கிய இருவருள் அவரும் ஒருவர்.

கருவியாளர் எழுதியது:

பாலாறு அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அதே 1960-களில் அமெரிக்காவின் வேறு மருத்துவமனைகளிலும் இத்தகைய வண்டிகள் தோன்றின. ஜோயல் நோபல் என்ற மருத்துவர் 1965 வாக்கில் மேக்ஸ் என்ற பெயரில் இன்னும் விரிவான ஒன்றை வடிவமைத்தார். ஆகையால் முதலில் செய்தவர் யார் என்று தேடுவதில் பயனில்லை. அனிட்டா டார் பொருள்களை எப்படி அடுக்கினார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். உடலில் எந்த இடத்துக்கு எது தேவையோ அதன்படி, தலையில் தொடங்கிக் கால் வரை என்ற வரிசையில் தட்டுகளை அமைத்தார். நோயாளியின் அருகில் நிற்பவர் நோயாளியின் உடலையே வழிகாட்டியாகக் கொண்டு பொருளை எடுக்கலாம். பொருள்களைப் பெயரின் அகரவரிசையிலோ, வாங்கிய துறையின் வரிசையிலோ அடுக்கும் கிடங்குப் பழக்கத்திலிருந்து இது முற்றிலும் வேறானது.

மறுவாழ்வுப்பயிற்றுநர் எழுதியது:

இரவுப்பணி சகோதரியிடம் ஒரு கேள்வி. பெஸ்ஸி பிளன்ட் இந்த மறுப்புகளுக்குப் பிறகு கருவி செய்வதை விட்டுவிட்டாரா? அவருடைய பிற்கால வாழ்வைப் பற்றி எங்கும் ஓரிரு வரிகளே காணக் கிடைக்கின்றன.

இரவுப்பணி எழுதியது:

நல்ல கேள்வி, ஐயா. 1953-இல் பிலடெல்ஃபியாவின் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தம் கருவியை இயக்கிக் காட்டினார். தாமஸ் எடிசனின் மகன் தியடோர் எடிசனுடைய மாமியாருக்கு இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரிந்ததால் தியடோரோடு நட்பும் ஏற்பட்டது. ஆனால் அந்த நட்பாலும் அமெரிக்கத் தொழிற்சாலை எதன் கதவும் அவருக்குத் திறந்துவிடவில்லை.

நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக எழுதக் கற்பித்து வந்தவர், அவர்களுடைய உடல்நிலை மாறும்போது கையெழுத்தும் மாறுவதைக் கவனித்தார். 1968-இல் மருத்துவமும் கையெழுத்தும் தொடர்பான ஓர் ஆய்வுரையை வெளியிட்டார். அடுத்த ஆண்டிலிருந்து நியூ ஜெர்சியிலும் வர்ஜீனியாவிலும் காவல்துறைகளுக்காகக் கையெழுத்தையும் ஆவணங்களையும் ஆராயத் தொடங்கி, போர்ட்ஸ்மவுத் நகரக் காவல்துறையின் தலைமை ஆவண ஆய்வாளரானார். 1977-இல் லண்டன் காவல்துறைத் தலைமையகமான ஸ்காட்லாந்து யார்டின் தடய அறிவியல் பிரிவில் பயிற்சி பெற்றார். அப்போது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. நாடு திரும்பிய பின் சொந்தமாக ஆலோசனை நிலையம் நடத்தி, அடிமை முறைக் கால ஆவணங்களும் உள்நாட்டுப் போர்க் காலத் தாள்களும் உண்மையானவையா என்று சோதித்துச் சொல்லி வந்தார். 83 வயது வரை அந்தப் பணி தொடர்ந்தது. 2009 டிசம்பர் 30 அன்று நியூ ஜெர்சியில் காலமானார்.

கண்டுபிடிப்பை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார் என்று வாழ்க்கைக் குறிப்புகள் எழுதுகின்றன. அதை நான் ஏற்கவில்லை. படைவீரர்களின் கோணல்மாணலான முதல் எழுத்துகளை மணிக்கணக்கில் பார்த்துத் திருத்திய செவிலிக்குத்தான், ஒரு கையொப்பத்தில் நடுக்கம் நோயால் வந்ததா, பிறர் போலியாக வரைந்ததால் வந்ததா என்று பிரித்தறியும் பார்வை வாய்த்திருக்கிறது. மருத்துவமனையும் காவல்துறையும் அவருக்கு இரண்டு தொழில்களாக இருந்திருக்கலாம். அவர் கவனித்தது இரண்டிடத்திலும் ஒன்றையே.

அடுத்த வாரம் அந்த 1951 காப்புரிமையின் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, சட்டத்தின் பாரம் கழுத்தில் இறங்காமல் தோளில் எப்படித் தாங்கப்படுகிறது என்பதைக் கருவியாளர் ஐயா விளக்கினால், எங்கள் வார்டில் கழுத்துப் பட்டை அணிந்த நோயாளிகளுக்கு அத்தகைய அமைப்பு பொருந்துமா என்பதை மறுவாழ்வுப்பயிற்றுநர் ஐயாவோடு சேர்ந்து பேசலாம்.

கருவியாளர் எழுதியது:

கட்டாயம் செய்கிறேன், சகோதரி. கழுத்தெலும்பு முறிவு உள்ளவர்களுக்கு அதை அப்படியே பொருத்துவது கூடாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். தலையைத் தாழ்த்தி அருந்தும் அமைப்பு அது. கழுத்து அசைவு இருந்து, கை மட்டும் இயங்காதவர்களை வைத்துத் தொடங்குவோம்.